ஒரு யூனிட்டின் எடை

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் புறப்பட்டு உச்சிவரை ஏறிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சிரைத்து, முழங்கால் நடுங்கி, வழியில் பல இடங்களில் உட்கார்ந்து எழுந்து அவர் ஏறிய ஏற்றத்துக்கு இயற்பியல் போடும் மதிப்பு என்ன? மலையின் உயரமாகச் சொல்லப்படும் 2,668 அடி கடல்மட்டத்திலிருந்து அளந்தது. ஊரே ஐந்நூறு அடிக்கு மேல் இருப்பதால் கால்கள் உண்மையில் ஏறுவது 600 மீட்டர் சொச்சம். எடை, உயரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் மூன்றரை லட்சம் ஜூல் வருகிறது. மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்று எழுதுகிறார்களே, அது 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு மலையேற்றத்தின் மதிப்பு பத்தில் ஒரு யூனிட். அதிகபட்சக் கட்டண அடுக்கில் கணக்கிட்டால்கூட ஒரு ரூபாய் சொச்சம்தான்.

அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட், இந்தக் கணக்கில் ஆயிரம் பேர் மலையேறும் வேலை. ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் பதினைந்து பேர் உச்சிக்குப் போனதற்குச் சமம். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நொடியும் சுமார் 59,000 பேர் அண்ணாமலையின் உச்சியில் கால் வைத்துக்கொண்டே இருந்தால்தான் மாநிலத்தில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். சுவிட்சைத் தட்டினால் வருகிற பொருளைப் பற்றி நமக்குப் பொதுவாக இந்த மரியாதை இருப்பதில்லை.

இவ்வளவு வேலையையும் யாரோ, எதுவோ செய்துகொண்டிருக்க வேண்டும். நீர், நிலக்கரி, யுரேனியம், காற்று, வெயில் என்று பட்டியல் நீண்டாலும், வெயிலைத் தவிர மற்ற எல்லாமே செய்வது ஒரே காரியத்தை: ஒரு இரும்புத் தண்டைச் சுழற்றுகின்றன.

அந்தத் தண்டில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள்கள். 1831-இல் லண்டனில் மைக்கேல் பாரடே கண்டது இவ்வளவுதான்: கம்பிச் சுருளின் அருகே காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் நடப்பதில்லை, காந்தம் அசைந்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. அசைவு நின்றால் அதுவும் நிற்கிறது. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர் கண்டுபிடித்த இந்த விதிதான் இன்றும் உலகின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தருகிறது.

சைக்கிளில் டைனமோ மாட்டி ஓட்டிய தலைமுறைக்கு இதன் மறுபாதியும் தெரியும். பின்சக்கரத்து டயரில் டைனமோவின் சிறு உருளையைச் சாய்த்துவிட்டதும் உர்ரென்று ஒரு சத்தம் வரும். அதோடு மிதி கனக்கும். இறக்கத்தில் விளக்கு பளீரென்று எரியும், மேட்டில் மங்கி மஞ்சளாகும். மிதி கனப்பதற்கு உருளையின் உராய்வு மட்டும் காரணம் கிடையாது. விளக்கு எரியும்போது கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, சுழலும் காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. விளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். பெரிய மின்நிலையத்திலும் இதேதான். நீங்கள் வீட்டில் மோட்டார் போட்டால், எங்கோ ஒரு டர்பைனின் தண்டு அந்த அளவுக்குக் கனக்கிறது.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளாகத் திசை மாறி மாறி வருவது, அதாவது 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவம் கொண்ட காந்தம் நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் அது கிடைக்கும். அனல்மின் நிலையங்களில் நீராவி டர்பைன்கள் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. தண்ணீரால் அவ்வளவு வேகம் சுற்ற முடியாது. அதற்கு ஈடாகத் துருவங்களைக் கூட்டிக்கொள்வார்கள். நிமிடத்துக்கு 300 சுற்றுதான் என்றால் இருபது துருவங்கள்.

திருவண்ணாமலைக்காரர்கள் தங்கள் மாவட்டத்து மின்சாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சாத்தனூர் அணைக்குப் போகலாம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்த அணை. பூங்காவுக்கும் முதலைப் பண்ணைக்கும் வறுத்த மீனுக்கும் போகிற கூட்டத்தில் அங்கே ஒரு மின்நிலையம் இருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அதன் திறன் 7.5 மெகாவாட். மாநிலத்தின் உச்சத் தேவையில் இது மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூட.

ஏன் இவ்வளவு சிறியது? நீர்மின்சாரத்தின் கணக்கு மலையேற்றக் கணக்கின் தலைகீழ். ஏறும்போது செலவான ஆற்றல் இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, இரண்டே கேள்விகள். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 119 அடி. டர்பைனுக்குக் கிடைக்கும் வீழ்ச்சி 30 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், 7.5 மெகாவாட் எடுக்க நொடிக்கு சுமார் 30 கனமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது ஆயிரம் கனஅடிக்குச் சற்று மேல். இதையே நீலகிரியின் பைக்காராவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1932-இல் அங்கே மின்நிலையம் தொடங்கியபோது தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் குழாய்களில் செங்குத்தாக இறங்கியது. உயரம் முப்பது மடங்கு என்பதால் அதே மின்சாரத்துக்குத் தண்ணீர் முப்பதில் ஒரு பங்கு போதும். அங்கே ஊசிபோல் பீய்ச்சும் நீர், கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தை அடித்துச் சுழற்றும். தாழ்ந்த வீழ்ச்சிக்கு அது சரிவராது. தண்ணீருக்குள்ளேயே மூழ்கி, அதன் அழுத்தத்தில் சுழலும் வேறு வகை டர்பைன்கள் உண்டு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சாத்தனூர் நிரம்பினால் 7,321 மில்லியன் கனஅடி. அந்தத் தண்ணீர் முழுவதையும், மட்டம் இறங்க இறங்க வீழ்ச்சி குறைவதையும் சேர்த்துச் சராசரி 20 மீட்டர் என்று வைத்து, டர்பைன் வழியே விட்டால் கிடைப்பது ஒரு கோடி யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 2024 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டின் ஒருநாள் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தாண்டியது. நிரம்பித் தளும்பும் ஓர் அணை, மாநிலத்துக்கு அரைமணி நேரம். நீர்மின்சாரம் சுத்தமானது, மலிவானது, எல்லாம் சரி. ஆனால் தண்ணீரும் உயரமும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் நம்மிடம் கொஞ்சம்தான். அவற்றில் நல்லவை எல்லாம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் மேட்டூரிலும் எப்போதோ கட்டி முடிந்துவிட்டன.

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் விடியுமுன் சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் மூழ்கின. 30 மீட்டர் வீழ்ச்சிக் கணக்கில் அந்த வெள்ளத்துக்குள் இருந்தது ஏறக்குறைய 1,400 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலையைவிட அதிகம். டர்பைனால் அதில் விரல்நுனி அளவுகூட எடுத்திருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு ஓரிரவு வரும் வெள்ளத்துக்காக 1,400 மெகாவாட் எந்திரத்தை வாங்கி வைத்து, மீதி நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருக்க எந்த வாரியத்தாலும் முடியாது. சாத்தனூர் பாசனத்துக்காகக் கட்டிய அணை. வயலுக்குத் தண்ணீர் விடும்போது அதன் போக்கில் கிடைக்கும் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே.

அப்படியானால் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? எரிப்பதிலிருந்து. இதற்கும் திருவண்ணாமலையிலேயே ஓர் அளவுகோல் உண்டு. கார்த்திகை தீபத்தன்று பர்வதராஜ குலத்தார் மலையுச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்குச் சுமார் 3,500 கிலோ நெய் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு கூடக் குறைய இருக்கும். கணக்குக்காக மட்டும், தீபத்தின் மகிமை குறையாமல், அந்த நெய்யின் வெப்பத்தை அளப்போம். நெய் கிலோவுக்கு 9,000 கிலோகலோரி அளவில் தரும். மொத்தம் 36,000 யூனிட்டுக்கு ஈடான வெப்பம். ஆனால் அதே நெய்யை ஒரு மின்நிலையத்தின் கொதிகலனில் ஊற்றி எரித்தால் கம்பியில் வருவது 12,000 யூனிட்தான். சாத்தனூர் எந்திரம் முழுவேகத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் தந்துவிடும் மின்சாரம்.

மூன்றில் இரண்டு பங்கு எங்கே போகிறது? கவனக்குறைவால் வீணாவது என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எல்லா எந்திரங்களுக்கும் உள்ள விதி அது. நீராவி டர்பைனைத் தள்ளுகிறது என்றால், ஒரு பக்கம் சூடும் அழுத்தமும், மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தாக வேண்டும். இரு பக்கமும் ஒரே சூடென்றால் நீராவி எங்கும் போகாது. எனவே டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். அப்போது அது கைவிடும் வெப்பம் ஏராளம். 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ இதற்கு ஓர் உச்சவரம்பைக் காட்டினார். நீராவி 540 டிகிரி, குளிர்பக்கம் 45 டிகிரி என்றால், உராய்வே இல்லாத கற்பனை எந்திரம்கூட 61 சதவீதத்துக்கு மேல் தராது. நிஜ எந்திரங்கள் 35 முதல் 40 சதவீதம் தந்தாலே நல்லது. அனல்மின் நிலையத்தில் இடுப்பு ஒடுங்கி நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதைப் பலர் புகை என்கிறார்கள். அது நீர்த்திவலை. புகை போவது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் வேறொரு போக்கியில். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வெள்ளை மேகத்தில்தான் எரித்த கரியின் பெரும்பங்கு போகிறது.

திருவண்ணாமலையிலிருந்து தென்கிழக்கே சாலைவழி நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. 1956-இல் நிறுவனம், சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-இல் ஓடத் தொடங்கி, அந்த நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. அங்கே கிடைக்கும் பழுப்பு நிலக்கரி பாதிக்குப் பாதி ஈரம். கிலோவுக்கு 2,600 கிலோகலோரி அளவில்தான் தேறும். கணக்குப் போட்டால் நினைவில் வைக்க வசதியான ஓர் எண் கிடைக்கிறது: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. உங்கள் மின்கட்டண அட்டையில் 400 யூனிட் என்றிருந்தால், உங்கள் வீட்டுக்காக 400 கிலோ கரி. எட்டு மூட்டை.

ஈரக்கரி என்பதால் அதைத் தொலைதூரம் கொண்டுபோவது தண்ணீருக்கு லாரி வாடகை கொடுப்பதுபோல் ஆகும். எனவே சுரங்க வாயிலிலேயே மின்நிலையம். கரிப்படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருப்பதால், அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத் தரை பிளக்காமல் இருக்கும். மின்சாரம் எடுக்க மின்சாரம். நிலம் கொடுத்தவர்களின் வழக்கு இன்றும் ஓயவில்லை. 2020-இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் இரண்டு மாத இடைவெளிக்குள் நடந்த இரண்டு விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். யூனிட் விலையில் இதெல்லாம் சேருவதில்லை.

கைவிடும் வெப்பத்தை உருப்படியாகப் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு. கரும்பு விளையும் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பழக்கமான சர்க்கரை ஆலைதான் நல்ல உதாரணம். சாறு பிழிந்த சக்கையை எரித்து நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றவிட்டு, வெளியே வரும் நீராவியை அப்படியே சாறு காய்ச்ச அனுப்பிவிடுவார்கள். அனல்மின் நிலையம் வானத்துக்குக் கொடுப்பதைச் சர்க்கரை ஆலை சாற்றுக்குக் கொடுக்கிறது. அரைவைப் பருவம் முடிந்தால் சக்கையும் முடிந்துபோகும் என்பது ஒன்றுதான் குறை.

கிழக்கே கடற்கரையில் கல்பாக்கம். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு உலைகள், தலா 220 மெகாவாட். அணுமின்சாரம் என்றதும் ஏதோ அணுவிலிருந்து மின்சாரம் நேராகப் பாய்வதுபோல் ஒரு பிம்பம் பலருக்கு இருக்கிறது. நடப்பது அதைவிட எளிமை: யுரேனியத்தின் கருவைப் பிளந்து, அதில் வரும் சூட்டில் வெந்நீர் போடுகிறார்கள். அந்த வெந்நீர் ஆவியாகிறது, ஆவி டர்பைனைச் சுற்றுகிறது, மீதி எல்லாம் நெய்வேலிக் கதைதான். நீராவியின் வெப்பநிலை குறைவு என்பதால் திறன் இன்னும் கொஞ்சம் கம்மி, முப்பது சதவீதத்தை ஒட்டி. எரிபொருள் அளவில்தான் மலைப்பு. இந்த வகை உலையில் ஒரு கிலோ இயற்கை யுரேனியம் சுமார் 50,000 யூனிட் தரும். நெய்வேலியில் அதற்கு ஐம்பது டன் கரி வேண்டும்.

ஆனால் கரி அடுப்பை அணைத்தால் அணைந்துவிடும். அணு உலையை நிறுத்தினாலும், பிளந்த துண்டுகள் தாமாகச் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம். நாள்கணக்கில் தண்ணீர் விட்டுக் குளிர்வித்தாக வேண்டும். 2011-இல் புகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காகவே நின்றன. ஆழிப்பேரலை வந்து குளிர்விக்கும் ஏற்பாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனதால்தான் உருகின. அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கதிர்வீச்சைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த ஆறேழு சதவீத வெப்பத்தை ஆறவைக்கும் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

காற்றாலையைப் பற்றி அதிகம் சொல்லத் திருவண்ணாமலையில் இடமில்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்போம். ஆனால் காற்றாலைக்கு வேண்டியது அவ்வப்போது வீசும் காற்றைவிட விடாமல் வீசும் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துப் புகுந்து வேகமெடுக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. அதனால்தான் முப்பந்தலும் கயத்தாறும் உடுமலையும் காற்றாலைக் காடுகளாக, இங்கே ஒன்றையும் காணோம். மாநிலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதன் அறுவடையெல்லாம் மே முதல் செப்டம்பர் வரைதான்.

மிஞ்சியது வெயில். அது இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டிய பொருளே இல்லை. சித்திரையில் வெறுங்காலோடு கிரிவலம் போனவர்களைக் கேட்டால் போதும். சூரியத் தகட்டில் சுழலும் பொருள் எதுவும் கிடையாது. சிலிக்கான் படிகத்தில் ஒரு பக்கம் துளி பாஸ்பரஸும் மறுபக்கம் துளி போரானும் கலந்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் நிரந்தரமாக ஒரு மின்புலம் உருவாகி நிற்கும். ஒளித்துகள் ஒன்று வந்து மோதி ஓர் எலக்ட்ரானை இடத்திலிருந்து கிளப்பினால், அந்த மின்புலம் அதை ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்டவை கம்பி வழியே சுற்றிக்கொண்டு வருவதுதான் மின்னோட்டம். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் பயனுள்ள சிலிக்கான் தகட்டைச் செய்தார்கள்.

எல்லா ஒளித்துகளும் ஒத்துழைப்பதில்லை. அகச்சிவப்பில் பெரும்பகுதிக்கு எலக்ட்ரானைக் கிளப்பும் தெம்பு கிடையாது, சும்மா கடந்துவிடும். நீல ஒளியிடம் தேவைக்கு மேல் தெம்பு. மிச்சம் சூடாக வீணாகும். இந்த இரண்டு இழப்புகளைச் சேர்த்தே, ஒற்றைச் சிலிக்கான் தகடு முப்பத்துச் சொச்சம் சதவீதத்தைத் தாண்டாது என்று 1961-இல் ஷாக்லியும் க்வைசரும் கணித்தார்கள். கடையில் இன்று கிடைப்பவை இருபது சதவீதத்தை ஒட்டி இருக்கின்றன.

இதில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாதம் காற்று 40 டிகிரி இருக்கும்போது மாடியில் தகடு 65 டிகிரிக்குச் சுடும். பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் அப்படியே போய்விடும். வானம் தெளிந்து, காற்றில் இன்னும் குளிர்ச்சி மிச்சமிருக்கும் மாசி, பங்குனிதான் சூரிய மின்சாரத்துக்கு நல்ல பருவம். தகட்டைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல் அடியில் காற்று ஓடக் கால் வைத்து உயர்த்தச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கம் நாளுக்கு நான்கைந்து யூனிட் தரும். நாற்பது ஐம்பது பேர் மலையேறிய வேலையை, மாடியில் ஓசைப்படாமல் கிடந்தபடி அது தினமும் செய்துவிடுகிறது.

இத்தனை வகையிலும் பிறக்கும் மின்சாரம் ஒரே வலையில் வந்து சேர்கிறது. அங்கே ஒரு கெடுபிடி உண்டு: எந்த நொடியிலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் தேங்கி நிற்காது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது புரியும். ஆயிரம் பேர் இழுத்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகம்தான். சிலர் கையை விட்டால் மற்றவர்களுக்குக் கனக்கும், தேர் மெதுவாகும். மின்வலையில் அந்த வேகம்தான் 50 ஹெர்ட்ஸ். தேவை கூடினால் அது 49.9-க்கு இறங்கும், உடனே டர்பைன்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீராவியையும் தண்ணீரையும் கூடுதலாகத் திறந்துவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கிந்திய வலைகள் சரிந்து கோடிக்கணக்கானோர் இருளில் மூழ்கியபோது நாம் தப்பினோம். காரணம், தென்னிந்திய வலை அன்று அவர்களோடு ஒரே சுழற்சியில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தில் இணைத்தார்கள். அன்றிலிருந்து சாத்தனூர் டர்பைனும் பக்ரா அணையின் டர்பைன்களும் ஒரே வடத்தைத்தான் இழுக்கின்றன.

வடத்தைப் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே குணமுடையவர்கள் கிடையாது. அணு உலை ஒரே சீராக இழுக்கும். கூட்டிக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும். பழுப்பு நிலக்கரிக் கொதிகலனைச் சூடேற்றவே பல மணி நேரம் பிடிக்கும். நீர் டர்பைன் சில நிமிடங்களில் முழுவேகம் எடுக்கும். வெயிலும் காற்றும் தம் இஷ்டத்துக்கு வந்துபோகும்.

தீபத்தன்று மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் எழுகிறது. அன்று சூரியன் மறைவதே அதற்குச் சற்று முன்புதான். ஆக, மாநிலத்தின் சூரியத் தகடுகள் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவாது. காற்றாலைப் பருவம் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். 217 அடி ராஜகோபுரத்தின் விளக்குகளும், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் விளக்குகளும், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கிகளும் எரியும் கரியிலும் பிளக்கும் யுரேனியத்திலும் விழும் தண்ணீரிலும்தான் ஓட வேண்டும். எந்த விளக்குக்கு எந்த நிலையத்து மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மொத்தக் கணக்கில் மேலே நெய் எரியும்போது கீழே ஊருக்காகக் கரி எரிந்துகொண்டிருக்கிறது. சூரிய மின்சாரம் எவ்வளவுதான் மலிவானாலும் கரிநிலையங்களை மூட முடியாததற்குக் காரணம் அந்த ஆறு மணிதான்.

மதியத்து வெயிலை மாலைவரை காப்பாற்ற என்ன வழி? மின்கலங்கள் மலிவாகி வருகின்றன. அதைவிடப் பழைய வழி, தண்ணீரை மேலேற்றி வைப்பது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது அதே எந்திரம் பம்பாகச் சுழன்று மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவை வரும்போது டர்பைனாக மாறி இறக்கும். நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று திரும்பக் கிடைக்கும். கட்டியபோது இரவில் ஏற்றிப் பகலில் இறக்குவதாக எண்ணம். சூரிய மின்சாரம் பெருகப் பெருக, மதியம் ஏற்றி மாலையில் இறக்குவதற்கு மவுசு கூடுகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வகையில் இன்னொன்றைக் கட்டும் பணியும் நடந்துவருகிறது.

ஆனால் மலையும் அணையும் இல்லாமலே நம்மிடம் ஒரு சேமிப்பு ஏற்பாடு சிதறிக் கிடக்கிறது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய திருவண்ணாமலை மாவட்டத்தில் மும்முனை மின்சாரம் முறைவைத்து விடப்பட்ட காலத்தில், நள்ளிரவில் டார்ச் விளக்கும் கையுமாக வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டவர்கள் எத்தனையோ பேர். பாம்புக்குப் பயந்து, தூக்கம் கெட்டு. இரவில் மின்சாரம் மிஞ்சிய காலத்தின் ஏற்பாடு அது. இப்போது மிஞ்சுவது காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில். மோட்டார் இறைக்கும் தண்ணீர் வயலிலோ தொட்டியிலோ நிற்கும்; அது எந்த மணியில் இறைத்தது என்று நிலக்கடலைக்குத் தெரியாது. பாசனத்துக்கான மும்முனை மின்சாரத்தை முழுக்கப் பகலுக்கு மாற்றினால் விவசாயிக்குத் தூக்கம், வலைக்கு மாலை நேரத்தில் மூச்சு, நெய்வேலியில் சில ஆயிரம் மூட்டை கரி மிச்சம். மாடியில் தகடு வைத்த வீட்டுக்காரர்களும் மேல்நிலைத் தொட்டிக்கான மோட்டாரை விடியற்காலையில் போடும் பழக்கத்தை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போடலாம்.